துரைக்கண்ணுவின் லைனை ஓட்டியவர்கள்

அன்றைக்குத் திண்டிவனம் கோர்ட்டு வளாகத்துப் புங்கமரத்தடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். கைத்தடியோடு துரைக்கண்ணு. சலவை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாகச் சாந்தகுமார் நயினார். வாய் நிறைய வெற்றிலையோடு கோலியனூர் கலியமூர்த்தி. அப்புறம் நான்.

ராஜாபாதர் வரவில்லை.

துரைக்கண்ணுவின் காலை உடைத்த பஸ்ஸின் முதலாளி வரவில்லை. அந்த பஸ்ஸை ஓட்டியவரும் வரவில்லை. அவர்கள் வரமாட்டார்கள் என்று எங்களுக்கு முன்பே தெரியும். அவர்களுக்குப் பதிலாக வருவதற்குத்தான் வக்கீல்கள் இருக்கிறார்களே. ராஜாபாதர் வரமாட்டார் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

ரோட்டில் புல்லட் சத்தம் கேட்கும்போதெல்லாம் ராஜாபாதரோ என்று கலியமூர்த்தி எழுந்து கேட்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இது கறிக்கடை பாய் வண்டிப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "இது போலீஸ்காரரு."

"உக்காரு கலியா," என்றார் நயினார். "அவரு வர்றதா இருந்தா நமக்கு முன்னாடி வந்து டீ சொல்லியிருப்பாரு."

சென்ற வாரம் என் காலேஜ் நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "உன் கதையில கெட்டவனே கிடையாதாடா?" என்று கேட்டார். இந்த வாரம் அவருக்கு அந்தக் குறை இருக்காது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னும் இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

ஐந்து கம்பெனி, ஒரே ரோடு

நாங்கள் ஐந்து பேரும் 'ரெப்பு'கள். உரம், பூச்சி மருந்து கம்பெனிகளுக்கு ஆர்டர் பிடிக்கிற ஆட்கள். ஐந்து பேருக்கும் ஐந்து கம்பெனி. காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்தால் விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று ஒரு பக்கம். செஞ்சி, வல்லம், அனந்தபுரம் என்று இன்னொரு பக்கம். ஊர் ஊராக உரக்கடை ஏறி இறங்க வேண்டும். இப்படி ஒருவர் சுற்றுகிற சுற்றுக்கு 'லைன்' என்று பெயர்.

எனக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதே இன்றைக்கும் ஆச்சரியம்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் வல்லத்துப் பக்கம் ஊரார் கொல்லைக்காட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக் கூலி வாங்கினவர்கள். மாதம் பிறந்தால் பணம் வரும் என்கிற விஷயமே எங்கள் வீட்டுக்கு என் சம்பளத்தால்தான் தெரிந்தது.

கம்பெனி தவணையில் கொடுத்த வண்டியை முதன்முதலாக வீட்டு வாசலில் நிறுத்தியபோது அப்பா அதைத் தொடவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது யாருதுடா?"

"கம்பெனிதுப்பா. தவணை முடிஞ்சா நம்முது."

"அப்ப தவணை முடியட்டும், தொட்டுக்கறேன்," என்றார்.

கடைக்குள் நாங்கள் ஐந்து பேரும் விரோதிகள்தான். ஒருவர் ஆர்டரை இன்னொருவர் தட்டிப் பறிப்போம். என் கம்பெனி மருந்தைத் தண்ணீர் என்று கலியமூர்த்தி நான் நிற்கும்போதே கடைக்காரரிடம் சொல்வார். ரோட்டுக்கு வந்துவிட்டால் கதை வேறு.

ரோட்டுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. நம் ஆள் வண்டி ஓரமாக நின்றிருந்தால் தாண்டிப் போகக் கூடாது. நிறுத்தி, "இன்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பெட்ரோல் தீர்ந்திருந்தால் டியூப் போட்டு வாயால் உறிஞ்சி என் டேங்கிலிருந்து உன் டேங்குக்கு. இன்ஜின் மக்கர் பண்ணினால் பின்னாலிருந்து அந்த வண்டியின் ஃபுட்ரெஸ்ட்டில் காலை வைத்துத் தள்ளிக்கொண்டே அடுத்த ஊர் மெக்கானிக் வரை. புளியமரத்துக்குப் பின்னால் ஒண்ணுக்குப் போனால்கூட விடமாட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் நிறுத்தி ஆரன் அடித்து, "இன்னாச்சு?" என்று கேட்பார்கள். போனது பாதியில் நின்றுவிடும்.

இந்தச் சட்டத்தைப் போட்டவர் ராஜாபாதர். எங்களில் மூத்தவர், புல்லட்காரர். மீறினால் அந்த வாரம் முழுக்க எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும்.

நயினாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது இறங்கிவிட்டால் சாப்பாடு கிடையாது. கிழங்கு தொடமாட்டார். உயிரைக் கொல்கிற சரக்கு வேண்டாமென்று, சம்பளம் குறைவாக இருந்தும் உரம் மட்டும் விற்கிற கம்பெனியில் இருந்தார். "நாங்க கொன்னுக்கினு போறோம், நீ பின்னாடியே சோறு போட்டுக்கினு வா நயினாரே," என்று கலியமூர்த்தி அவரை ஓட்டுவார்.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால்

மல்லாட்டை அறுவடை சமயம். பிடுங்கிப் போட்ட செடிகளின் பச்சை வாடை ரோடு வரைக்கும் வந்தது. உச்சி வெயில். கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் என் வண்டியின் செயின் அறுந்து நின்றேன்.

எதிர்ப்பக்கம் போன ஒரு சிவப்பு ராஜ்தூத் போன வேகத்தில் திரும்பி வந்தது. துரைக்கண்ணு.

"இன்னாச்சு?"

"செயின் போச்சுண்ணா."

"எண்ணெய் போட்டியா?"

"போன வாரம்தாண்ணா போட்டேன்."

"செயினுக்கா, தலைக்கா?"

அவர் தன் வண்டியைக் கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் நிறுத்திவிட்டு, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த செயின் லாக்கை அவிழ்த்துக்கொண்டு என் வண்டியின் பக்கத்தில் குந்தினார். நான் கொல்லைப் பக்கமாக நின்று சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டுப் பக்கம் அவர்.

இரண்டு பிரைவேட் பஸ்கள் ஆள் ஏற்றுகிற போட்டியில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. இடது பக்கம் வந்தது மண்ணில் இறங்கியது. சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன். அடுத்து நான் மல்லாட்டைச் செடிக்குள் கிடந்தேன், என் மேல் என் வண்டி. எனக்குச் சிராய்ப்புதான். துரைக்கண்ணுவின் தொடை, இருக்கக் கூடாத பக்கமாக மடங்கிக் கிடந்தது.

பஸ் நிற்கவில்லை. பின் சீட்டு ஜன்னலில் ஓர் அம்மாள் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே போனது மட்டும் தெரிந்தது.

அடுத்து வந்தவர் ராஜாபாதர். இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அவர் தன் புல்லட்டை நடு ரோட்டில் குறுக்கே படுக்கப் போட்டு ஒரு லாரியை நிறுத்தினார். லாரிக்காரர் முரண்டு பிடித்தபோது, "ஏத்து, இல்லாட்டி என் வண்டி மேல ஏத்திட்டுப் போ," என்றார். மூட்டைகளின் மேல் துரைக்கண்ணுவைப் படுக்கவைத்தோம். திண்டிவனம் வரைக்கும், அங்கிருந்து பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலும், அந்தக் கால் ஆடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே வந்தவர் ராஜாபாதர்தான். அவர் சட்டையெல்லாம் ரத்தம். வாய் ஓயாமல் துரைக்கண்ணுவிடம் ஏதோ சினிமாக் கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த ஆள்தான் கோர்ட்டுக்கு வரவில்லை.

வண்டியும் ஓடணும்

காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்த துரைக்கண்ணுவுக்கு வலியைவிடப் பெரிய கவலை வேலை. அந்தக் கம்பெனியில் அவர் புதிது. ஒரு மாதம் ஆர்டர் போகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். இரண்டு பெண் குழந்தைகள். அவர் மனைவி கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார்.

"ஆர்டர் போவணும், அவ்ளோதானே?" என்றார் நயினார். "நம்ம லைன்ல போறப்ப அவரு லைனையும் பாத்துக்கினா போச்சு."

"ஆர்டர் போனா பத்தாது. வண்டியும் ஓடணும்," என்றார் ராஜாபாதர். "மேனேஜர் வந்தா முதல்ல மீட்டரைத்தான் பாப்பான்."

அப்படி ஆரம்பித்தது. செஞ்சி, வல்லம் எனக்கு. அனந்தபுரம் நயினாருக்கு. விழுப்புரம், கோலியனூர் கலியமூர்த்திக்கு. விக்கிரவாண்டியும் மயிலமும் ராஜாபாதருக்கு. தினம் ஒருவர் தன் வண்டியைப் போட்டுவிட்டுத் துரைக்கண்ணுவின் சிவப்பு ராஜ்தூத்தை எடுத்துக்கொண்டு போவோம். ஆர்டர் அவர் பேரில், கையெழுத்து அவருடையது, சரக்கு அவர் கம்பெனியுடையது. எங்கள் மருந்துக்குப் போட்டி மருந்தை நாங்களே விற்றோம்.

கலியமூர்த்திக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நயினாரே, உனுக்கு ஒத்துக்குமாப்பா? வெசம் விக்கணுமே."

"நான் எங்க விக்கிறேன்? துரைக்கண்ணு விக்கிறாரு. நான் அவரு வாய்."

"அப்ப அந்தப் பாவம்?"

"ராஜாபாதர் எடுத்துக்குவாரு. அவருகிட்ட இருக்கிற கூட்டத்துல இது தெரியவா போவுது?"

சிரித்தோம். ஆனால் முதல் நாள் ஆர்டர் எழுதிவிட்டு வந்த நயினார் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. வீட்டில் அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அளவாகச் செய்யவில்லை. கம்பெனிக்குத்தான் தெரியாது, கடைக்காரர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். "படுத்துக் கிடக்கிற மனுசனுக்கா? இன்னும் ஒரு பெட்டி சேத்து எழுதிக்க," என்றார்கள். எங்களுக்குள்ளும் போட்டி வந்துவிட்டது. இன்றைக்கு யார் அதிகம் என்று ராஜாபாதர் ஏற்றிவிடுவார். சொந்தக் கம்பெனிக்கு நான் அப்படி வாய் வலிக்கப் பேசியதே இல்லை.

தென்னார்க்காடு முழுக்க அந்தக் காலாண்டில் அதிகம் விற்றவர் துரைக்கண்ணு என்று கம்பெனி அறிவித்தது. பரிசாக ஒரு பிரஷர் குக்கர் பார்சலில் வந்தது.

அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தபோது துரைக்கண்ணு சிரித்த சிரிப்பில் எடை கட்டியிருந்த கயிறு ஆடியது. வலியில் கண்ணீர் வர வரச் சிரித்தார். "நான் நடந்து உழைச்சப்போ ஒரு டம்ளர் குடுத்ததில்லடா இவனுங்க."

குக்கரால் வந்த வினை

எலும்பு கூடியது. கால் இரண்டு விரல்கடை குட்டையாகக் கூடியது. திரும்பி வேலைக்குப் போன துரைக்கண்ணுவால் கிக்கரை உதைக்க முடியவில்லை. அவர் வண்டியை ஒவ்வொரு ஊரிலும் யாராவது உதைத்துக் கொடுத்தார்கள். மேனேஜர் ஒருநாள் அதைப் பார்த்தார். குக்கர் அனுப்பிய கம்பெனி, வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று இரண்டே வரியில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மிச்சமிருந்தது பஸ் மேல் போட்ட கேஸ்தான். நாற்பதாயிரம் கேட்டிருந்தார். அது வந்தால் ஒரு பெட்டிக்கடையாவது வைத்துப் பிழைக்கலாம். வராவிட்டால் இரண்டு குழந்தைகளோடு மாமனார் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

துரைக்கண்ணு கூண்டில் ஏறிய அன்று நாங்கள் நால்வரும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ராஜாபாதரும் அதில் ஒருவர். எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"குக்கர் ஒண்ணு பரிசா வாங்கினீங்களா?"

"வாங்கினேங்க."

"எதுக்குக் குடுத்தாங்க?"

"அதிக ஆர்டருக்குங்க."

"எந்த மாசத்து ஆர்டருக்கு?"

துரைக்கண்ணு கைத்தடியை மாற்றிப் பிடித்தார்.

"படுத்த படுக்கையா இருந்ததா சொல்ற அதே மாசங்கள். உங்க சிவப்பு வண்டி தினம் ரோட்டுல ஓடியிருக்கு. உங்க பேர்ல ஆர்டர் போயிருக்கு. நல்லா எழுந்து நடமாடி வேலை பாத்திருக்கீங்க. அப்புறம் எங்கேயோ விழுந்து காலை ஒடைச்சிக்கிட்டு, பழைய தேதிக்கு ஆஸ்பத்திரிச் சீட்டும் தயார் பண்ணிக்கிட்டு, இப்ப பஸ் மேல போடறீங்க. சரிதானே?"

கோர்ட்டில் சிரித்தார்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அதுக்கு நான் பதில் சொல்ல விரும்பலைங்க," என்றார்.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் சொன்னார்: "வண்டியை ஓட்டினவங்க யாரு? அவங்க வந்து சொன்னா கேஸ் நிக்கும். இல்லேன்னா மறந்துடுங்க."

சொன்னால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். சம்பளம் கொடுக்கிற கம்பெனிக்குத் துரோகம் செய்தோம் என்று நாங்களே சத்தியம் பண்ணிச் சொல்வதாக ஆகும்.

டீக்கடையில் ராஜாபாதர் நேராகவே கேட்டார். "ஒரு காலுக்கு நாலு வேலையா? கணக்கு ஒதைக்குதேப்பா."

"அந்தக் காலு என் செயினுக்காகப் போனதுண்ணா," என்றேன்.

"உன் வீட்ல நீ ஒருத்தன்தான் சம்பாதிக்கற. யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

நயினார் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அவரு வாயா இருந்து வித்தேன். இப்ப என் வாயால சொல்றதுல இன்னா கொறைஞ்சு போவுது?"

ராஜாபாதர் எல்லோருடைய டீக்கும் காசு கொடுத்தார். பிறகு என் தோளில் கையை வைத்து, "சரி, வர்றேன். எல்லாருமா போயிடலாம்," என்றார். அவர் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். வர்றேன் என்றார்.

கூண்டில்

புங்கமரத்தடியில் துரைக்கண்ணு கடைசிவரை எங்களைத் துரத்திக்கொண்டே இருந்தார். "போயிடுங்கடா. நான் கேட்டனா? உங்களுக்கெல்லாம் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"இவருக்கு ஆர்டர் போடவே தெரியாது, நமக்கு ஆர்டர் போடறாரு பாரு," என்றார் கலியமூர்த்தி. சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளித்துக்கொண்டார்.

முதலில் நான். பிறகு கலியமூர்த்தி. எந்த ஊர், எந்தக் கடை, எந்த நாளில் யார் வண்டி எடுத்தோம், எல்லாம் சொன்னோம், ராஜாபாதர் பேரைத் தவிர. கடைசியில் நயினார்.

"நீங்க வேற கம்பெனி," என்றார் வக்கீல்.

"ஆமாங்க."

"உங்க கம்பெனி சம்பளத்தை வாங்கிக்கிட்டு வேற கம்பெனி சரக்கை வித்தீங்க. அதுவும் உங்க மதத்துக்கு ஆகாத சரக்கு. ஒரு பைசா வாங்காம. இதை இந்தக் கோர்ட்டு நம்பணும்?"

"நடந்ததுங்க."

இப்போது ஜட்ஜே நிமிர்ந்து பார்த்தார். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

நயினார் ஜட்ஜ் பக்கம் திரும்பினார். "அவரு வண்டி நின்னுக்கினு இருந்ததுங்க ஐயா," என்றார்.

அதற்கும் சிரித்தார்கள். குமாஸ்தா சிரித்தார், வக்கீல்கள் சிரித்தார்கள், அடுத்த கேஸுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் பஸ்காரன் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கிறது. அந்தச் சிரிப்பின் மேல் இருக்கும் கோபம் ஆறவில்லை. ஒருவன் திருடினான் என்றால் உடனே நம்புகிறார்கள். பொய் சொன்னான் என்றால் நம்புகிறார்கள். நிற்கிற வண்டிக்காக நிறுத்தினான் என்றால் மட்டும் சாட்சி கேட்கிறார்கள், சாட்சி சொன்னால் சிரிக்கிறார்கள்.

அந்த வக்கீல் அதோடு விடவில்லை. எங்கள் வாக்குமூலத்தை எங்கள் மூன்று கம்பெனிகளுக்கும் அனுப்பிவைத்தார். அவரை யாரும் கேட்கவில்லை. அவர் கேஸுக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது. போஸ்ட்டாபீஸுக்கு ஆளனுப்பி, ஸ்டாம்பு ஒட்டி, அந்த வேலையைச் செய்தார். இப்படி ஒரு மனுஷன் எதற்காக மெனக்கெடுகிறான் என்று எந்த ஜட்ஜும் அவரைக் கேட்கப்போவதில்லை.

மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் வேலை போனது. நயினாரின் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துபோய், ரொம்ப நாள் மகனோடு ஒரே பந்தியில் உட்காரவில்லை. என் வண்டியை எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். அப்பா வாசலில் நின்றுகொண்டு, "நான் அதைத் தொட்டதேயில்லீங்க, எங்கேயும் ஒரு கீறல்கூட இருக்காது, பாத்துக்குங்க," என்று அவர்களிடம் சொன்னார். மரியாதையாகச் சொன்னார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

ராஜாபாதருக்கு அடுத்த மாதம் பதவி உயர்ந்தது. கலியமூர்த்தி கையில் எங்களுக்கென்று ஐந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினார். நான் திருப்பியனுப்பச் சொன்னேன்.

"வாங்கிக்கினு திட்டலாமேப்பா," என்றார் கலியமூர்த்தி. "சும்மா திட்டறதுக்கு இது மேல்."

திருப்பித்தான் அனுப்பினோம். லாரி மூட்டையின் மேல் அந்தக் காலை ஏந்திக்கொண்டு வந்த இரண்டு கைகளை நான் மறக்கவில்லை. அதனால்தான் மன்னிக்கவும் முடியவில்லை.

தீர்ப்பு வந்தது. ஜட்ஜ் எங்களை நம்பியிருந்தார். பஸ் மோதியதால்தான் கால் போனது என்று எழுதினார். கூடவே, நண்பர்களின் உதவியால் அந்த மாதங்களில் சம்பளமும் கமிஷனும் குறைவில்லாமல் வந்திருப்பதால் வருமான இழப்பு என்று ஏதும் இல்லை என்றும் எழுதினார். காலுக்கு மட்டும் விலை போட்டார். நாற்பதாயிரம் கேட்ட துரைக்கண்ணுவுக்கு ஆறாயிரம்.

எங்களுக்கு ஆனது: வேலை மூன்று, வண்டி மூன்று, அதுவரை கட்டியிருந்த தவணையும் கம்பெனிகள் பிடித்துக்கொண்ட டெபாசிட்டும் சேர்த்து ரூபாய் பதினாலாயிரத்து அறுநூறு.